இடது பக்கம் ஒரு விரற்கடை

குழாயின் நுனியை மீன்வாயாக அராவ
நாற்பது நிமிஷம் பிடிக்கும்.
இன்னொரு குழாயின் உருட்டலை
அந்த வாய் சந்தில்லாமல் கவ்வ வேண்டும்.
பல்புக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன்.
மயிரிழை வெளிச்சம் கசிந்தாலும்
மறுபடி அரம்.

ஓசூர், பாகலூர் ரோடு.
ரோஜா கட்டும் ஷெட்டுக்கு அடுத்த ஷெட்.
அங்கே காம்பெல்லாம் ஒரே நீளம்;
குறைந்தவை
சாக்கடையோரம் சிவப்பாகக் கிடக்கும்.

ஒன்பது வருஷம் சிப்காட்டில்
ஒரே மூட்டைப் பற்றவைத்தேன்,
ஷிப்டுக்கு அறுநூறு.
எவர் ஏறினார், எங்கே போனார்,
ஒன்றும் தெரியாது.
இப்போது வருஷத்துக்குப் பதினான்கு ஃபிரேம்.
ஏறுகிறவரின் தொடை நீளம் தெரியும்,
முழங்கை மடங்கும் கோணம் தெரியும்,
பொய்யும் தெரியும்.
பெங்களூர்க்காரர்கள் உயரத்தில்
ஓரங்குலம் கூட்டியே சொல்வார்கள்.
சுவரோரம் நிறுத்தி
கால்களுக்கு நடுவே ரசமட்டத்தை உயர்த்தும்போது
எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள்.

மாதேஸ்வரி கூரையைப் பார்க்கவில்லை.
"இடது கால் குட்டை. எழுதிக்கோங்க."
அஞ்செட்டிப் பக்கம் தபால் கொண்டுபோகிறவள்.
நாலடி எட்டங்குலம்.
அவள் சொல்லுமுன்பே
அவள் சைக்கிள் சீட் சொல்லிவிட்டது:
இடப்பக்கத் தோல் மட்டும்
தேய்ந்து நூல் தெரிந்தது.

எட்டுத் தவணை.
பைக்கு முன்னால் ஒரு கேரியர்.
இடது பெடலின் மேல் பதினெட்டு மில்லி கட்டை.
"கலர்?" என்று இம்தியாஸ் கேட்டதற்கு
"தபால்பெட்டிச் சிவப்பு மட்டும் வேணாம்.
மழைக்கு முன்னாடி கல்குவாரி
ஒரு மாதிரி இருக்குமே, அது" என்றாள்.
அந்த ஒரு மாதிரிக்கு
மூன்று நாள் டப்பா டப்பாவாகக் கலக்கினான்.

புதன் ராத்திரி.
கம்பியில் தொங்கிக் காய்கிறது ஃபிரேம்.
வியாழன் காலை வருவாள்.
தூக்கம் வரவில்லை,
கழுத்து மூட்டைப் பற்றவைத்த அன்று
சிலிண்டர் தீர்ந்துகொண்டிருந்தது நினைவில் இருந்தது.
சுடர் ஒரு நொடி சோம்பியது.
பித்தளை வெளியே பளபளத்து நின்றது;
உள்ளே இறங்கியதா?

பல் டாக்டர் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன்.
டார்ச் அடித்து உள்ளே விட்டேன்.
மஞ்சள் மோதிரம் முழுதாகத் தெரியவேண்டிய இடத்தில்
நகக்கண் அளவு இருட்டு.

தாங்கும்.
ஐந்து வருஷம் தாங்கலாம், ஒன்பதும் தாங்கலாம்.
தொட்டமஞ்சு இறக்கத்தில்
மூட்டை நிறைய மணியார்டரோடு
ஒரு நாள் தாங்காமலும் போகலாம்.

போன் போட்டேன். இம்தியாஸ் வந்தான்.
கண்ணாடியை வாங்கிப் பார்த்தான்.
"மூணு கோட்டு அடிச்சிருக்கேன்கா."
தெரியும் என்றேன்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பக்கத்து ஷெட்டில் பூவேற்றும் வண்டி
ரிவர்ஸ் எடுத்துக் கீச்சிட்டது.
ஆக்ஸா பிளேடை
அவன்தான் போய் எடுத்துவந்தான்.

பழைய சைக்கிளை விற்றுவிட்டு
பஸ்ஸில் வந்து இறங்கியவள்
மேஜையில் இரண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்தாள்.
நான் சொன்னேன், சுருக்கமாக.
"காட்டுங்க."
கண்ணாடியை நெடுநேரம்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
தவறான முகவரியைப் படிப்பவள் போல.
பிறகு, "அப்போ எட்டாவது தவணை
வண்டி வந்தப்புறம்தான்."
சரி என்றேன்.
வேறென்ன சொல்வது.

அதுவரைக்கும் ஓட்ட
என் சைக்கிளைக் கொடுத்தேன்.
சீட்டை அடிவரை இறக்கியும்
அவளுக்கு உயரம்தான்.
பஸ் ஸ்டாண்டு வரை மிதித்துப்போய்
பஸ் மேலே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

வாசலில் நின்று பார்த்தேன்.
லாரிகளுக்கு நடுவே
ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு
இடப்பக்கம் இறங்கி ஏறி
இறங்கி ஏறிப் போயிற்று.
சுவரோரம் நிற்கும்போது
அவ்வளவு இறங்கவில்லை.

உள்ளே வந்து நோட்டைத் திறந்து
பதினெட்டை அடித்து
இருபது என்று எழுதினேன்.