கெண்டைக்கால்

ஒவியேதோ நகரில், பெரிய தேவாலயத்துக்குப் பின்சந்தில்,
எலாடியோ மேசைக்கு மேசை நடந்தது
நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீட்டர்.
சொன்னது அவன் போன்.
ஏப்ரலில் அதே போன் சொன்னது:
இன்று நூற்றுப்பன்னிரண்டு அடிகள்.
அதை அலமாரிக்குள் போட்டான்.

ஐந்தாம் மாடி. எட்டிப் போட்டால் பதினோரு அடி நடைக்கூடம்.
போய், சுவரைத் தொட்டு, திரும்பி,
நாற்பதாம் நடையில்
கீழ்வீட்டு ரெமெதியோஸ்
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள்.
பிறகு சோபா.
பிறகும் சோபா.

கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்.
நீர் வற்றினால்தான் தெரிகிறது
உள்ளே துள்ளியது மீன் என்று.
ஏழு வாரத்தில் பெல்ட் இரண்டு ஓட்டை தளர்ந்தது,
காலுறை மட்டும் நழுவி நழுவி விழுந்தது.

மே இரண்டு, இரவு எட்டு மணி.
நடக்கலாம் என்றார்கள்.
ஊரே தெருவில், முகமூடியும் ட்ராக்சூட்டுமாக,
தேதி தெரியாமல் திருவிழாவுக்கு வந்ததுபோல.
கால் போன போக்கில் போகலாம் என்று இறங்கினான்.
கால் கிலோமீட்டர்.
அதற்குமேல் கால் போகவில்லை.
மேட்டில் விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி
மாரத்தான் பனியன் போட்ட ஒருத்தி மூச்சு வாங்கினாள்.
மறுபக்கத்தை அவன் பிடித்துக்கொண்டான்.
இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

திரும்பினால், லிப்டில் பழுது என்று ஒரு தாள்.
முதல் மாடி. இரண்டு. மூன்று,
இங்கே கொஞ்சம் உட்கார்ந்தான்.
நாலாம் மாடியில் ரெமெதியோஸ் கதவைத் திறந்தாள்.
கையில் துடைப்பம் இல்லை.
முக்காலி.
என்னைவிட இதற்கு ஒரு கால் கூடுதல் என்று
உட்கார்ந்தான், சிரித்தான்,
ஆடுசதை வெட்டி வெட்டி இழுத்தது.