கால் என்று தேடினால்

கால் என்று தேடினால் ஆறு பாடங்கள் வருகின்றன.
முதலாவதில் தொடை எலும்பு.
இரண்டாவதில் தோசையை நான்காக வெட்டி
ஒரு துண்டைத் தூக்கிக் காட்டுகிறார் கணக்கு சார்.
மூன்றாவதில் பந்தல்கால்,
அது எந்த வகுப்புக்கென்று இன்னும் பிடிபடவில்லை.
நான்காவது செய்யுள்: கால் என்றால் காற்றாம்.
ஐந்தாவது திறக்கவே இல்லை.
ஆறாவதில்தான்
தண்ணீர் ஓடுகிறது.

பாளையங்கோட்டை, முருகன்குறிச்சி,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
பாடத்தைத் தொடாமல்
பாடத்தைப் பற்றி எழுதுவது என் உத்தியோகம்.
தலைப்பு, ஆக்கியவர், மொழி, வகுப்பு, நேரம்,
உரிமம், குறிச்சொல்.
நட்சத்திரம் போட்ட கட்டங்கள் கட்டாயம்.
தரவைப் பற்றிய தரவு என்றேன், வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.
மூட்டை மேலே ஒட்டுகிற சீட்டு என்றேன்.
'அதுக்கா பத்தொன்பதாயிரம்?' என்றான் தம்பி.

ஆறாவதின் சீட்டில்
ஆக்கியவர்: எபனேசர் ஞானதுரை, துறைத்தலைவர்.
ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடியில்
அவர் ஒரு தடவையும் வரவில்லை.
வருவது ஒரு கை. இரண்டு கண்ணாடி வளையல்.
சேரன்மாதேவி தாண்டி, கன்னடியன் காலில்
ஆரஞ்சுத் தோலை மிதக்கவிடுகிறது அந்தக் கை.
பத்து மீட்டர் தள்ளி யாரோ 'வந்துட்டு!' என்று கத்த
கடிகாரம் நிற்கிறது.
தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.
பக்கத்தில் துணி துவைக்கிறவள்
'தோல எதுக்கு ஆத்துல போடுதிய' என்று வைவதும்
வெட்டப்படாமல் இருக்கிறது.

நம்பர் தேடிப் பிடித்தேன்.
ஆய்வகத்து உதவியாள், பெயர் பேராச்சி.
'எம்பேரு எதுக்குக்கா? சார்வாள் பேரு போட்டாச்சுல்லா.
யோசன எனக்கு. செல்லு அவுக செல்லு.'

செல்போன்காரருக்கு என்று
எந்தக் கட்டமும் இல்லை.
பங்களித்தவர் என்று ஒன்று உண்டு,
என்ன பங்கு என்று பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும்:
குரல், தொகுப்பு, ஓவியம், மொழிபெயர்ப்பு.
கை இல்லை.
எபனேசர் சாருக்கு எழுதினேன்.
மூன்றாம் நாள் ஒற்றை வரி:
'அவளையே ஆக்கியவராகப் போடவும். என் பெயரையும் எடுக்க வேண்டாம்.'

உரிமத்தை அவளுக்கு வாசித்தேன்.
யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மறுபடி கொடுக்கலாம்,
பேரை மட்டும் சொல்லணும்.
'மாத்தலாமா? தண்ணிய எப்படிக்கா மாத்துவாக?'
என்றவள் கொஞ்சம் பொறுத்து,
'போட்டுக்கிடுங்க' என்றாள்.

குறிச்சொல்லில்
வாய்க்கால், கால்வாய், நீரோட்டம் சேர்த்தேன்.
எலும்புக்கு உடலுறுப்பு. தோசைக்குப் பின்னம்.
பந்தல்காலை அப்படியே விட்டுவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு
வெளியூர்க் கணினிகள் வந்து
சீட்டுகளை மட்டும் வாரிக்கொண்டு போகும்.
முறைத்தண்ணீர் மாதிரி,
ஒன்று முடித்துத்தான் அடுத்தது.
மூட்டை இங்கேயே கிடக்கும்.
வேண்டியவர் சீட்டைப் பார்த்து மூட்டையைத் தேடி வரட்டும்.

பிசானத்துக்குத் தண்ணீர் திறந்தபோது போன சீட்டு
அறுப்பு முடிந்து திரும்பி வந்தது.
வால்பாறையில் ஒரு பள்ளிக்கூடம்
தங்கள் ஓடையில் அதையே செய்திருக்கிறது,
ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் தேயிலைக் கொழுந்து.
ஒன்பதாம் வகுப்பை ஆறாக்கி,
வகுத்தலை அழித்து
'எது முந்தும்?' என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.
அங்கேயும் யாரோ வைகிறார்கள், நாய் ஒன்றை.

மூலம் என்ற கட்டத்தைப் பார்த்தேன்.
பேராச்சி என்பதைச் சுருக்கெழுத்து என்று நினைத்த
ஒரு மனிதரோ இயந்திரமோ
விரித்து எழுதியிருந்தது:
பேராசிரியர், சேரன்மாதேவி.

பிழை திருத்தம் அனுப்ப ஒரு பொத்தான் இருக்கிறது.
அமுக்கும் முன்னால் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
சிரிப்பு அடங்க நேரமாயிற்று,
பின்னால் பீக்கரோ என்னவோ உருண்டது.
'ஒரு வாரம் கெடக்கட்டும்க்கா' என்றாள்.

கிடந்தது.
ஏழாம் நாள் ராத்திரி
இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
பொத்தானை அமுக்கினேன்.