ஒரு மணி நேரம்

காங்கயம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
அரிசி ஆலைத் தவிடு பறந்து வந்து
கண்ணாடிக் கதவில் படியும் லேபில்
காலை ஏழு மணிக்கு முதல் ஊசி
சம்பூர்ணத்துக்கு.

"மேலுக்கு முடியறதில்லீங்க" என்றாள்.
கூட வந்த கொழுந்தனார் திருத்தினார்:
"மேலுக்கு ஒண்ணுமில்லீங்க, மனசுதான்.
எந்நேரமும் படுக்கை.
தேங்காய்க் களத்துக்குப் போயி மூணு மாசமாச்சு."
அவள் விரல் கணுக்கள் மினுமினுவென்று வீங்கியிருந்தன.
வளையல் கிடந்த தடம் மட்டும் மிச்சம்.

குழாயை நட்டமாக நிறுத்தினேன்.
இனி ஒரு மணி நேரம்
ரத்தம் தானாக இறங்க வேண்டும்.
குலுக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது.
நல்ல ரத்தத்துக்கு அவசரம் கிடையாது.
உள்ளே அழற்சி புகையும் ரத்தம்
காசடுக்கு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி
கனத்து
சீக்கிரம் அமிழ்ந்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு நாய் இருந்தது.
ஒரே ஒரு நாள் திருடன் வந்தான், கடித்தது.
அப்புறம் திருடன் வராத ராத்திரிகளிலும் குரைத்தது
பால்காரரை, காற்றில் ஆடும் சோளத்தட்டை,
கடைசியில் சோறு வைத்த கையை.
உடம்பின் காவலும் சிலருக்கு அப்படி ஆகிவிடும்,
அந்தச் சத்தம் மூளை வரை கேட்கும் என்று
டாக்டர் ஒருமுறை சொன்னார்.
விடிய விடிய நாய் குரைக்கும் வீட்டில்
யார் தூங்குவது,
எந்த ஒறம்பரை வந்து உட்காருவது?

கொறங்காட்டில் காய்ச்சல் கண்ட செம்மறி
கூட்டத்தை விட்டு விலகி
கிளுவை வேலியோரம் தலை தொங்கி நிற்கும்.
காலடியில் கொழுக்கட்டைப் புல் இருந்தும் கடிக்காது.
சோம்பேறி என்று அதை யாரும் ஏசிப்
பார்த்ததில்லை நான்.

எழுபத்திரண்டு.
"எச்சுங்களா?" என்றார் கொழுந்தனார்.
"எச்சுதானுங்க."
தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
பிறகு போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்தார்,
ஆறும்வரை டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார்.

தாங்கியில் பன்னிரண்டாவது குழாய் என்னுடையது.
பெயர் எழுதவில்லை.
போன ஆவணியிலிருந்து
பல் தேய்ப்பதே சென்னிமலைப் படியேறுவது போல் இருக்கிறது.
ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்து படித்தேன்.
பதினொன்று.
நார்மல்.
பொய் சொல்ல மாட்டேன், ஏமாற்றமாக இருந்தது.
எனக்கும் ஒரு எண் வேண்டியிருந்தது
யாரிடமாவது நீட்டிக் காட்ட.

ஆட்டோவில் ஏறும்போது சம்பூர்ணம் திரும்பிப் பார்த்தாள்.
"உங்களுக்கு மேலுக்கு எப்படிங்க?"
"பரவால்லீங்க."

மற்றதையெல்லாம் கழுவிக் கவிழ்த்தேன்.
என் குழாய் மட்டும் அப்படியே நின்றது.
சாயங்காலம் வரை
சிவப்பு இறங்கிக்கொண்டேதான் இருந்தது.
ஒரு மணிக்கு மேல் இறங்குவதை
நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.