எந்தப் பக்கம்?

நம்பியாற்றுத் தென்கரையில்
மணல் லாரிகள் கடித்துத் துப்பிய சுவரில்
மூன்று விரற்கடை வெள்ளைக் கோடு.
மேலே தேரிச் சிவப்பு,
கீழே சுக்கான்கல்.

"பித்தளை விளக்க அள்ளிட்டுப் போவாவ,
புளி வேண்டாம், பளபளங்கும்" என்றார்
தோட்டக்காரர் பலவேசம்.
பிறகு எங்களைப் பார்த்தார்.
"உங்களுக்கு எந்த ஊரு?"
"வள்ளியூர்."
"வள்ளியூர்ல எந்தப் பக்கம்?"
"பஸ் ஸ்டாண்டுப் பக்கம்."
"பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்?"
நான் டேப்பைப் பிடித்து
கோட்டின் கனம் அளந்தேன்.
ஞானதிரவியம் தலை நிமிரவே இல்லை,
தூரிகையால் ஒரே இடத்தைத்
துடைத்துக்கொண்டிருந்தார்.

பித்தளை பளபளப்பதன் காரணம்
அன்றிரவே லென்ஸில் தெரிந்தது.
சாம்பல் அல்ல, கண்ணாடி.
கொதித்த குழம்பின் குமிழிகள்
உடைந்த ஓடுகள்,
வளைந்து, கூராக,
ஒன்றுகூட உருளாமல்.
ஊடே அங்கங்கே
கறுப்புக் காக்காப்பொன்.

களத்தில் தூற்றினால்
மணி காலடியில் விழும்,
பதர் வேலி தாண்டும்.
காக்காப்பொன் தகடு.
பதர் மாதிரி
கடல் தாண்டக் கூடியது.

ஆனால் நம் மலையிலும் உண்டு காக்காப்பொன்.
மகேந்திரகிரியில் மழை பெய்தால்
ஓடைதோறும் மினுங்கும்.
வந்தது எது, இருந்தது எது?
கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு.

நாற்பது துகளைப் பொறுக்கி
பிசினில் பதித்து, கண்ணாடியாகத் தேய்த்து,
ஹைதராபாத்தில் எங்களுக்குக் கிடைத்த
இரவு பதினொன்று முதல் நாலு மணி வரை
எலெக்ட்ரான் கதிரை
ஒவ்வொன்றின் மீதும் நிறுத்தினோம்.
யாரையும் கேட்காதபடி கேட்கும் கேள்வி அது:
உன்னுள் இரும்பு எவ்வளவு?
மெக்னீசியம் எவ்வளவு?
டைட்டானியம்? ஃபுளோரின்?
துகள் பொய் சொல்லாது,
பேச்சை மாற்றாது,
டேப்பைப் பிடித்துக்கொண்டு
வேறெங்கோ பார்க்காது.

மெக்னீசியம் மிகுந்தவை பன்னிரண்டு:
நம் பாறைப் பிள்ளைகள்,
ஆற்றோடு வந்து கலந்தவை.
இரும்பு மிகுந்தவை இருபத்தேழு:
சுமத்ராவின் தோபா.
அந்த மலை அதற்கு முன்பும் வெடித்திருக்கிறது.
கண்ணாடியைக் கேட்டால் பழசும் புதுசும்
பங்காளிகள்போல ஒரே முகம்.
காக்காப்பொன்தான் காட்டிக்கொடுத்தது:
கடைசி வெடிப்பு,
எழுபத்து நாலாயிரம் ஆண்டு.
அது இங்கே விழுந்த நாளில்
தென்கரை வடகரை என்று சொல்ல
ஆள் இருந்ததா, தெரியாது.

மிச்சம் ஒன்று.
இரும்பும் நடுவில், மெக்னீசியமும் நடுவில்.
மூன்று முறை கதிரை நிறுத்தினேன்.
மூன்று முறையும் அதே எண்கள்.
எந்த வட்டத்துக்குள்ளும் விழவில்லை.
"கணக்கிலிருந்து எடுத்துரலாமா?" என்றேன்.
"எதுக்கு எடுக்கணும்?" என்றார் ஞானதிரவியம்,
அட்டவணையின் நாற்பதாம் வரியில்
அவர் கையாலேயே எழுதினார்:
தெரியவில்லை.

பொங்கல் கழிந்து மறுபடி போனோம்.
சுவரில் பாதி சரிந்திருந்தது.
பலவேசம் கேட்டார்:
"அந்தச் சாம்பலுக்கு எந்த ஊரு?"
"சுமத்ரா."
"அங்க எந்தப் பக்கம்?"
"வடக்குப் பக்கம். ஏரி ஒண்ணு இருக்கு.
மலைதான் வெடிச்சு ஏரியாச்சு."
"அடேயப்பா" என்றார்,
ஒரு பிடி அள்ளி
உள்ளங்கையில் ஊதிப் பார்த்தார்.
இளநீர் வெட்டிக் கொடுத்தார்,
எனக்குக் கூட்டோடு,
ஞானதிரவியத்துக்கு டம்ளரில்.
அந்த டம்ளர் வேலியோரம்
தனியாகக் கவிழ்ந்து கிடந்தது
முன்பே.

திரும்பும் பஸ்ஸில்
நாங்குநேரி தாண்டியதும்
பக்கத்து சீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பினார்.
"சாருக்கு எந்த ஊரு?"
ஞானதிரவியம் ஜன்னலை ஏற்றிவிட்டுச் சொன்னார்:
"நாப்பது."
அவர் யோசித்தார்.
"நாப்பதா?
களக்காட்டுக்கு அங்கிட்டா?"