மூணு மில்லி

ஒசாகாவிலிருந்து வந்த படம்.
ஒரு ஆறு, அக்கட்டும் இக்கட்டும் மரங்கள்,
இலையே இல்லை, பூ மட்டும்.
எங்கூரு இலவ மரமாட்டம் இருக்குதுங்க என்றேன்.
"செர்ரி. மெயிலைப் பாத்துக் கலரைப் பிரிங்க"
என்றார் மெர்ச்சண்டைசர்.

பிரித்தேன். ஏழு நிறம், ஏழு சட்டம்.
அங்கேயும் ஏழு பலகை இருந்திருக்கும்.
வானத்துக்கென்று தனியாக ஒன்றைச் செதுக்கி
மரத்தூளை ஊதித் தள்ளியிருப்பான் எவனோ.
அவனிடம் எனக்குக் கேட்க இருந்தது ஒன்றே ஒன்று:
அடைமழையில் பலகை உப்பிக்கொண்டால்
ஓரங்களை எப்படிச் சேர்ப்பாய்?

நீலத்துக்குத்தான் ரெண்டு நாள் பிடித்தது.
கரையோரம் கருநீலம், நடு ஆற்றில் வெளுப்பு,
எந்த இடத்தில் மாறுகிறதென்று
கண்ணுக்கு அகப்படவில்லை.
ஜன்னலுக்கு வெளியே நொய்யல் போகிறது.
ஒப்பிட்டுப் பார்க்க உதவாது.
ராத்திரி மழை; மழையென்றால்
யாராவது திறந்துவிடுவார்கள்.
காலையில் அது நாவல்பழக் கலர்.

நைட் ஷிப்டில் ரோஜாநிறச் சட்டத்தின்
ஆணி ஒன்று தளர்ந்திருக்கிறது.
நாச்சிமுத்து கவனிக்கவில்லை.
நானூத்தி எண்பது பீஸ் ஓடியபின்
செக்கிங் சம்பூர்ணம்தான் கண்டுபிடித்தாள்:
"பூவு கொம்புல நிக்கலீங்களே."

நிற்கவில்லைதான்.
மூணு மில்லி கீழே இறங்கி,
கீழ்க்கொம்புப் பூவெல்லாம் தண்ணீரில் கிடந்தது.
படகுக்காரன் தொப்பிமேல் ஒன்று.
அவன் அதைத் தட்டிவிடவில்லை.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி
மூட்டையாய்க் காதர்பேட்டைக்குப் போனது.
பீஸ் அறுபது ரூபாய்.
ஒசாகாவுக்குப் போனதில்
பூக்கள் கொம்பைவிட்டு அசையவில்லை.

ஆடி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை,
அணைப்பாளையம் தடுப்பணையில்
முழங்கால் நுரையில் ஒருத்தன் வலை வீசினான்.
முதுகில் எங்கள் ஆறு.
குனியும்போது படகு நீண்டது,
நிமிர்ந்தால் பழையபடி.
நாலு ஜிலேபிக் கெண்டை விழுந்தது.
தின்பீங்களா என்று கேட்க வாய் வரவில்லை.

கரையேறிச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.
எட்டிப் பார்த்தேன், வேலைப் புத்தி.
வடிந்தது வெறும் தண்ணீர்.
ஒரு சொட்டு நிறம் இறங்கவில்லை.
நாச்சிமுத்து
க்யூரிங்கை ஒழுங்காகத்தான் விட்டிருக்கிறான்.