இரண்டு முதல் ஆறு வரை

எங்கள் மாவட்டத்தில் விதியைத்
தலையில் எழுதுவதில்லை, தகரத்தில் எழுதுகிறோம்.
நவம்பர் ஒன்று தொடங்கி ஏப்ரல் பதினைந்து வரை
பின்னிரவு இரண்டிலிருந்து காலை ஆறு வரை
சாலையோரம் வண்டி நிற்கக் கூடாது.
தகரத்தில் மூன்று தோட்டா ஓட்டைகள்.
மான் வேட்டைக்கு வந்த யாரோ
வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் உழுகிறவள்.
முன்னால் பத்தடி இரும்புக் கலப்பை, பின்னால் நான்கு டன் மணல்.
ஐடஹோ மலையில் பதினேழு குளிர்காலம் உழுதாயிற்று,
ஒரு விதை போட்டதில்லை.
முளைப்பதெல்லாம் புகார்:
என் வாசலில் ஏன் பனிவரப்பு போட்டாய்,
தபால்பெட்டியை ஏன் சாய்த்தாய்,
அடுத்த வீட்டுக்காரன் வாசல் மட்டும் எப்படிச் சுத்தம்.

ஜனவரியில், நூலகத் திருப்பத்தில்,
அரிசோனா எண்ணோடு ஒரு நீலக் கார்.
மணி மூன்று பத்து.
படிவத்தை எடுத்தேன். கட்டங்கள் இருக்கின்றன:
எண், நிறம், நேரம், பனி எத்தனை அங்குலம்.
டார்ச் அடித்தால்
கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருந்தது.
மூச்சுக்குக் கட்டம் இல்லை.

கலப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனேன்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் டெல்மர் லுண்ட்விஸ்ட் போன் செய்தார்.
"நெட்டா, என் படகு டிரெய்லருக்கு
நாற்பது டாலர் தண்டம் கட்டினேன்.
நூலகத்துப் பக்கம் மட்டும் பனியில் ஒரு தீவு இருக்கிறதே,
அது யார் வீட்டுத் தீவு?"
நியாயமான கேள்வி.
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அன்றிரவு கண்ணாடியைத் தட்டினேன்.
எஃப்ரேன். பனிச்சறுக்கு விடுதியில் பாத்திரம் கழுவுகிறவன்.
வெந்நீரில் ஊறிக் குளிரில் வெடித்த விரல்களால்
கண்ணாடியை இறக்கினான்.
அவன் சம்பளத்தில் இந்த ஊரில்
கதவு கிடைக்கும், அறை கிடைக்காது.
"எடுத்துவிடுகிறேன் அம்மா. எங்கே நிறுத்தட்டும்?"

எங்கே நிற்கக் கூடாது என்பதுதான் தகரத்துக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பதினொரு பக்கத்தையும் படித்தவள் நான் ஒருத்திதான்.
சாலை என்று இருக்கிறது, சாலையோரம் என்று இருக்கிறது,
பாலம், திருப்பம், பள்ளிக்கூட வளைவு எல்லாம் இருக்கிறது.
மணல் கொட்டகைக்குப் பின்னாலுள்ள முற்றம்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

பின்னால் வா என்றேன்.
மைல் இரண்டரை.
பக்கக் கண்ணாடியில் இரண்டு மங்கல் விளக்குகள்.
நான் உழுத சாலில்
முதல்முறையாக ஏதோ ஒன்று பின்னால் வந்தது.

மேற்பார்வையாளர் காலையில் பார்த்தார்.
காப்பியைக் குடித்து முடிக்கும் வரை பார்த்தார்.
"மணல் அள்ள இடைஞ்சல் இல்லையே?"
இல்லை என்றேன்.

அடுத்த செவ்வாய்
நீலக் காருக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்தி,
ஒரு படகு.
டெல்மர் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
"இது சாலை இல்லைதானே?"
பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தார்.
மறுநாள் படகிலிருந்த தார்ப்பாயைக் காணோம்.
காரின் மேல் இருந்தது.

மார்ச்சுக்குள் முற்றத்தில் ஆறு வண்டிகள்.
மே மாதம் கூட்டமாம்.
பன்னிரண்டாம் பக்கம் ஒன்று சேர்க்கப் போகிறார்களாம்.

இன்று ஏப்ரல் பதினாறு.
ராத்திரி ஒன்பது அங்குலம் கொட்டியிருக்கிறது.
ஊரே சாலையில் நிறுத்தியிருக்கிறது, முழுக்கச் சட்டப்படி.
வளைந்து வளைந்து உழுகிறேன்.