பூஜ்யமாக இருக்கட்டும்

பிர்னோவில் மார்ச் மழை.
டிராம் வளைவில் கிறீச்சிடும்போதெல்லாம்
மேசைமேல் தேநீர் ஒரு தடவை நடுங்குகிறது.
கெர்னலின் சுவரில்
இல்லாத ஒன்றுக்குக் கதவு செய்துகொண்டிருக்கிறேன்.

இல்லாத இயந்திரம்.
அதற்குள் இல்லாத ஒரு குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி.
தகரம் இல்லை, ஈயப் பற்று இல்லை;
ஆனாலும் உள்ளே ஓடும் விருந்தாளி இயங்குதளத்துக்கு
அது தட்டினால் தட்டியதுதான்.

முதலில் வேலைக்கு ஓர் அழைப்பு என்று வைத்தேன்:
முடுக்க, நிறுத்த, சேமிக்க, மீட்க,
ஆர்ம் சில்லுக்குத் தனியாக ஐந்து,
பவர் சில்லுக்குத் தனியாக ஏழு.
த்ரோண்ட்ஹைமிலிருந்து ஸ்வேர்ரே எழுதினான்:
சாவிக்கொத்தின் கனத்தில் இடுப்பு ஒடியும்,
ஒரே கதவு போதாதா?

போதும்தான்.
இப்போது மூன்றே சொற்கள்.
வை. எடு. உனக்கு இது தெரியுமா?
மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது;
எதையும் தொடாமல்
கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.
மனிதர்களிடம் அப்படியொரு கேள்வி
இதுவரை எனக்கு வாய்க்கவில்லை.

அழி என்றும் ஒரு சொல் எழுதியிருந்தேன்.
ஸ்வேர்ரே அடித்துவிட்டான்.
பாதி வாக்கியத்தில் இருப்பவனின் காதைக் கழற்றுவாயா,
இயந்திரம் போகும்போது அதுவும் போகட்டும்.
இரண்டு நாள் சண்டை, பதினோரு மின்னஞ்சல்.
பன்னிரண்டாவதில் அந்த நாற்பது வரிகள் இல்லை.
சரி என்று நான் எழுதவில்லை.
நீக்கினேன், அவ்வளவுதான்.

கட்டமைப்பின் வாலில் பதினாறு பைட் காலி.
எதற்கென்று எனக்கே தெரியாது.
பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லையேல் பிழை.
இன்று குப்பையை விட்டுவைத்தால்
நாளை அந்தக் குப்பையை நம்பி ஒருவன் குடியேறிவிடுவான்;
அப்புறம் அவனைக் கிளப்ப முடியாது.
இங்கே ஒருமுறை கொடுத்த எண் கொடுத்ததுதான்,
பெயரில் விழுந்த எழுத்துப்பிழையோடு சேர்த்து.

எங்கள் கட்டடத்து அழைப்புமணிப் பலகையில்
என் பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னும்
குத்ர்னா என்றே இருக்கிறது.
யாரென்று தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர்.
வந்த புதிதில் என் பெயரை மேலே ஒட்டினேன்;
எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவர்
குத்ர்னாவைத் தேடிவிட்டுத் திரும்பிப் போனார்.
குளிரில் நான்கு நாள்.
ஒட்டியதை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

இன்று மாலை மணி அடித்தது.
குத்ர்னா? நனைந்த குரல்.
ஆமாம், என்று கதவைத் திறந்தேன்.
நான் வாங்கிய விசைப்பலகை.
முகவரியை நானேதான்
அந்தப் பெயரில் கொடுத்திருந்தேன்.